பாலுக்குப் பொறுப்பேற்றவர்: திரிபுவன்தாஸ் படேல்

நுழையுமுன்

உணவை விளைவிப்பவர் ஒருவர். அதை உண்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே நெடுந்தொலைவும் பல கைகளும் உள்ளன. அவ்வுணவு தூயதாக இருப்பதற்கு யார் பொறுப்பு? சட்டம் இயற்றும் அரசா, உணவை உண்டாக்கும் உற்பத்தியாளரா? இவ்வினாவுக்குப் பாலைக் கொண்டு விடை கண்டவர் திரிபுவன்தாஸ் படேல். அவரது வாழ்க்கையையும், அது கேரளத்தின் எல்லைப்புற ஊர்களோடு கொண்டுள்ள தொடர்பையும் இப்பாடம் கூறுகிறது.

எல்லையில் நிற்கும் வண்டிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே காற்றும் மழையும் மட்டுமன்றி, உணவுப் பொருள்களும் நாள்தோறும் இரு மாநிலங்களுக்கிடையே சென்று வருகின்றன. வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர்ச் சரக்குகள் வருகின்றன. பொள்ளாச்சிக்கு அண்மையில் உள்ள மீனாட்சிபுரம் வழியாகப் பால் வண்டிகள் வருகின்றன. தெற்கே இடுக்கி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறிகள் மலைப்பாதை ஏறிக் குமுளியை அடைகின்றன.

கேரளம் தனக்கு வேண்டிய பால் முழுவதையும் தானே உற்பத்தி செய்வதில்லை. ஓணத் திருநாள் நெருங்கும்போது பாலின் தேவை மேலும் உயர்கிறது; அண்டை மாநிலங்களிலிருந்து வரும் பாலின் அளவும் கூடுகிறது. ஆகவே, மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறை சோதனைச் சாவடி ஒன்றை நடத்தி வருகிறது. அங்கே வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. பாலின் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகிறது.

சாவடியில் நடைபெறும் சோதனை பாலின் பயணத்தில் இடையே வரும் ஒரு கட்டமே. ஒரு வண்டியில் பல நூறு வீடுகளின் பால் கலந்திருக்கும். அவற்றுள் எந்த வீட்டுப் பாத்திரம் கழுவப்படாதது, எந்த இடத்தில் நீர் கலந்தது என்பதைச் சாவடியில் நிற்பவரால் அறிய இயலாது. அதை அறியக்கூடியவர் பாலைக் கறப்பவரும், அதை முதன்முதலில் பெற்றுக்கொள்பவருமே ஆவர். இவ்வுண்மையை உணர்ந்து, பால் உற்பத்தியாளரையே தூய்மைக்குப் பொறுப்பாளராக ஆக்கிய முயற்சி ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன் குஜராத்தில் தொடங்கியது. அதன் தலைவரே திரிபுவன்தாஸ் படேல்.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

திரிபுவன்தாஸ் 1903ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஆனந்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் கிஷிபாய் படேல். ஆனந்த் அந்நாளில் பம்பாய் மாகாணத்தின் கைரா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. புகையிலையும் தானியங்களும் விளையும் பூமி அது. வயலில் விளைச்சல் குன்றினாலும், வீட்டில் நிற்கும் ஓரிரு எருமைகள் குடும்பத்தைக் காப்பாற்றின.

கைரா மாவட்டம் அறப்போராட்டத்தின் விளைநிலமாகவும் விளங்கியது. 1918இல் பயிர் பொய்த்த காலத்தில், வரியைத் தள்ளுபடி செய்யக் கோரிக் காந்தியடிகளும் வல்லபாய் படேலும் அங்குள்ள உழவர்களைத் திரட்டினர். அப்போது திரிபுவன்தாஸ் பதினைந்து வயதை எட்டாத சிறுவர். அவர் வளர்ந்த சூழலே அவரை நாட்டுப் பணிக்கு ஆயத்தப்படுத்தியது. காந்தியடிகளையும் வல்லபாய் படேலையும் பின்பற்றிய அவர் 1930, 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் சிறை சென்றார்.

அமைதியான இயல்பும், எல்லாரையும் பொறுமையுடன் கேட்கும் பண்பும் அவரிடம் இருந்தன. சிற்றூர் மக்கள் அவரை நம்பினர். பின்னாளில் அவர் மேற்கொண்ட பெரும்பணிக்கு அந்நம்பிக்கையே முதலீடாக அமைந்தது.

பம்பாய் நகரத்தின் பால்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயின் மக்கள்தொகை பெருகியது. நகரின் நடுவிலேயே நெருக்கமான தொழுவங்களில் எருமைகள் கட்டப்பட்டிருந்தன. சாக்கடையும் சாணமும் சூழ்ந்த அவ்விடங்களில் கறக்கப்பட்ட பால், நீர் கலந்து தெருத்தெருவாக விற்கப்பட்டது. அப்பாலின் மாதிரியை ஆய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, அது இலண்டன் சாக்கடை நீரினும் மாசுடையது என்று முடிவு வந்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

பால் சத்து நிறைந்த உணவு. குழந்தைகளை வளர்ப்பதுபோலவே நுண்ணுயிர்களையும் அது வளர்க்கும். வெதுவெதுப்பான நிலையில் சிலவகை நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இருமடங்காகப் பெருக வல்லவை. ஆகவே கறந்த பாலை விரைவில் குளிர்விக்க வேண்டும். இல்லையேல் சூடாக்கிக் கிருமிகளை அழிக்க வேண்டும். பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் அல்லது 72 பாகை செல்சியசில் 15 நொடிகள் வைத்திருந்து, உடனே குளிர்விக்கும் முறை, அறிவியலறிஞர் லூயி பாஸ்டர் பெயரால் பாஸ்டர் முறை எனப்படுகிறது.

நகர மக்களுக்குத் தூய பால் வழங்குவது தன் கடமை என்று பம்பாய் அரசு உணர்ந்தது. 1945இல் பம்பாய்ப் பால் திட்டம் தொடங்கப்பட்டது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆனந்திலிருந்து, பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பாலைத் தொடர்வண்டியில் கொண்டுவர ஏற்பாடாயிற்று. அப்பணி ஆனந்தில் ஏற்கெனவே பால் பண்ணை நடத்தி வந்த போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

உண்போரின் நலனை நாடிய அத்திட்டம் நல்லதே. ஆயினும், அதில் பெருங்குறை ஒன்று இருந்தது. அரசு நிறுவனத்திற்கு விலை கொடுத்தது. நிறுவனம் இடைத்தரகருக்கு விலை கொடுத்தது. தரகர் உழவருக்குத் தாம் விரும்பியதைக் கொடுத்தார். பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும் பொருளாதலால், தரகர் சொன்ன விலையை மறுக்க உழவரால் இயலவில்லை. விலையும் வாராமல், பாலின் தரத்திற்கு மதிப்பும் கிடையாமல் இருந்த நிலையில், பாலைத் தூயதாகத் தருவதனால் உழவருக்கு எப்பயனும் இல்லை. பொறுப்பு ஓரிடத்தும் பயன் வேறிடத்தும் இருந்தன.

சமர்கா கூட்டம்

கைரா உழவர்கள் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டனர். தரகரை மாற்றுவதால் துன்பம் தீராது என்பதை அவர் எடுத்துரைத்தார். பாலைச் சேர்ப்பது, பதப்படுத்துவது, விற்பது ஆகிய மூன்றும் உழவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்காக அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பினார்.

1946ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் ஆனந்துக்கு அருகில் உள்ள சமர்கா என்னும் சிற்றூரில் உழவர்கள் கூடினர். ஒவ்வோர் ஊரிலும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது, அவற்றை ஓர் ஒன்றியமாக இணைப்பது, அரசு அவ்வொன்றியத்திடமே நேரடியாகப் பால் வாங்க வேண்டுமெனக் கோருவது என முடிவு செய்தனர். அரசு முதலில் இணங்கவில்லை. உழவர்கள் 15 நாள் பால் வழங்குவதை நிறுத்தினர். அந்நாள்களில் அவர்களுக்கு வருவாய் இல்லை. மாடுகளுக்கோ தீவனம் வேண்டும். இருப்பினும் அவர்கள் உறுதி தளரவில்லை. பம்பாய்க்குப் பால் வருவது நின்றது. அரசின் பால் ஆணையர் ஆனந்துக்கு வந்து நிலைமையைக் கண்டார். உழவரின் கோரிக்கை ஏற்கப்பட்டது.

இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு திரிபுவன்தாசிடம் வந்தது. அவர் ஊர் ஊராகச் சென்றார். சங்கம் என்பது பாலை விற்கும் இடம் மட்டுமன்று, பாலின் தரத்திற்கு ஊரே பொறுப்பேற்கும் இடம் என்பதை விளக்கினார். 1946ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார்.

ஒரே வரிசை, ஒரே அளவுகோல்

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்றியம் பம்பாய்க்காகப் பால் பதப்படுத்தத் தொடங்கியது. அப்போது இருந்தவை இரண்டே ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 250 லிட்டர் பால். அளவு சிறிது, ஆனால் அங்கு வகுக்கப்பட்ட முறை பெரிது.

காலையிலும் மாலையிலும் உழவர்கள் சங்கத்துக்குப் பால் ஊற்ற வந்தனர். சாதி, செல்வம் என்னும் வேறுபாடின்றி ஒரே வரிசையில் நின்றனர். ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறிது மாதிரி தனியே எடுக்கப்பட்டது. அதன் கொழுப்பு அளக்கப்பட்டது. பாலின் அளவுக்கு மட்டுமன்றி, அதன் கொழுப்புச் சத்துக்கும் ஏற்ப விலை தரப்பட்டது. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையிலும், மாலையில் ஊற்றிய பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கிடைத்தது.

இம்முறை மூன்று நன்மைகளை விளைவித்தது. முதலாவதாக, நீர் கலப்பவர் நட்டமடைந்தார். ஏனெனில் நீர் கூடினால் கொழுப்பின் விழுக்காடு குறையும், விலையும் குறையும். இரண்டாவதாக, குறை எங்கே நேர்ந்தது என்பதை ஊரளவிலேயே கண்டறிய முடிந்தது. மூன்றாவதாக, உழவரே உரிமையாளர் என்பதால், பால் கெட்டால் ஏற்படும் இழப்பும் அவருடையதாயிற்று. நற்பெயரால் வரும் இலாபமும் அவருடையதாயிற்று. வெளியிலிருந்து வந்த கட்டளையாக இருந்த தூய்மை, ஊராரின் சொந்த நலனாக மாறியது.

பொறுப்பை உழவரிடம் கேட்ட ஒன்றியம், அதற்கு வேண்டிய துணையையும் அவருக்கு அளித்தது. கால்நடை மருத்துவர்கள் ஊர்களுக்கு வந்தனர். செயற்கை முறைக் கருவூட்டலும் சத்துள்ள தீவனமும் கிடைத்தன. நோயுற்ற மடியிலிருந்து நல்ல பால் வாராது என்பதால், எருமையின் நலமே பாலின் தூய்மைக்கு முதற்படி என்பது உணரப்பட்டது.

கோழிக்கோட்டிலிருந்து வந்த பொறியாளர்

தொடக்கக் காலத்தில் ஒன்றியத்தின் இயந்திரங்கள் மிகப் பழையவை. அவை அடிக்கடி பழுதுபட்டன. உழவர்கள் நல்ல பால் கொடுத்தும், பதப்படுத்துவதில் நேர்ந்த குறையால் அது பம்பாயை அடையுமுன் கெட்டுப்போவதுண்டு. நல்லெண்ணம் மட்டும் பாலைக் காக்காது. தொழில்நுட்பமும் வேண்டும் என்பதைத் திரிபுவன்தாஸ் அறிந்தார்.

அக்காலத்தில், 1949ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், நடுவண் அரசின் பால் பண்ணைப் பொறியாளராக இளைஞர் ஒருவர் ஆனந்துக்கு வந்தார். அவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் 1921இல் பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக் கல்வியும் சென்னையில் கல்லூரிக் கல்வியும் பெற்றவர் அவர். திரிபுவன்தாஸ் அவரிடம் சென்று இயந்திரங்களைப் பழுதுபார்த்துத் தருமாறு வேண்டினார். பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பயனில்லை, புதியதே வேண்டும் என்று குரியன் அறிவுரை கூறினார். ஒன்றியத்திடம் பணம் இல்லை. திரிபுவன்தாஸ் உறவினரிடம் கடன் பெற்று, பாலைப் பதப்படுத்தும் புதிய இயந்திரத்தை வாங்கச் செய்தார்.

அரசுப் பணியிலிருந்து விலகி ஊர் திரும்ப ஆயத்தமான குரியனைத் திரிபுவன்தாஸ் தடுத்து நிறுத்தினார். 1950இல் அவரை ஒன்றியத்தின் மேலாளராக்கினார். தலைவர் ஊர்களைப் பார்த்துக்கொண்டார். மேலாளர் ஆலையைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் பணியில் மற்றவர் தலையிடவில்லை. உழவரின் நம்பிக்கையும் அறிவியலின் துல்லியமும் ஒரு நிறுவனத்தில் இணைந்தன.

குளிர்காலத்தில் எருமைகள் கோடையைவிட மிகுதியாகப் பால் கறக்கும். அந்த உபரிப் பால் முழுவதையும் பம்பாய் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்குவோர் இல்லாத பால் வீணாகும்; வீணாகும் பாலைத் தூயதாகக் கறக்க எவருக்கும் மனம் வாராது. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று வல்லுநர் பலர் கருதியிருந்தனர். எச்.எம்.தலாயா என்னும் தொழில்நுட்ப வல்லுநர் அதைச் செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் நியூசிலாந்து அரசும் உதவ, புதிய பால் பண்ணை உருவானது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். ‘அமுல்’ என்னும் பெயர் பின்னர் இந்தியாவெங்கும் அறிமுகமாயிற்று.

அரசின் பங்கும் உழவரின் பங்கும்

உழவர்கள் அமைத்த ஒன்றியம் வளர்ந்ததால் அரசின் கடமை குறைந்துவிடவில்லை. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் மாகாண அளவில் முன்பே இருந்தன. பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்ததால், 1918ஆம் ஆண்டின் சென்னைக் கலப்படத் தடுப்புச் சட்டம் அங்கும் செல்லுபடியானது. விடுதலைக்குப் பின், 1954இல், நாடு முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தரத்தை வரையறுப்பதும், மாதிரி எடுத்துச் சோதிப்பதும், தவறு செய்பவரைத் தண்டிப்பதும் அரசுக்கே உரியவை. எந்த உற்பத்தியாளரும் தமக்குத் தாமே நீதிபதியாக இருத்தல் இயலாது.

பம்பாயில் இக்கடமையை முன்னின்று செய்தவர் தாரா குரோடி. பால் ஆணையராகப் பணியாற்றிய அவர், நகரின் நெருக்கமான தொழுவங்களிலிருந்து எருமைகளை அகற்றி, புறநகரில் 1949இல் அமைந்த ஆரே பால் குடியிருப்பில் குடியேற்றினார். பால் கொள்முதல் குறித்து அவருக்கும் ஆனந்த் ஒன்றியத்திற்கும் கருத்து வேறுபாடுகள் எழுந்ததுண்டு. நகரத்தார்க்குத் தட்டின்றிப் பால் கிடைக்க வேண்டும் என்பது ஆணையரின் கவலை. பால் முழுவதும் நியாயமான விலைக்கு விற்க வேண்டும் என்பது தலைவரின் கவலை. இரண்டும் நேர்மையான கவலைகளே.

1963ஆம் ஆண்டு சமூகத் தலைமைக்கான மகசேசே விருது தாரா குரோடி, திரிபுவன்தாஸ் படேல், வர்கீஸ் குரியன் ஆகிய மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒருவர் அரசு அலுவலர். ஒருவர் உற்பத்தியாளரின் தலைவர். ஒருவர் தொழில்நுட்பம் அறிந்த மேலாளர். தூய உணவு என்பது ஒருவர் செயலால் மட்டும் கிடைப்பதன்று என்பதற்கு அவ்விருதே சான்றாக அமைந்தது. மறு ஆண்டு இந்திய அரசு திரிபுவன்தாசுக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

தலைமையைத் துறந்த தலைவர்

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கைரா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் இரவு தங்கினார். உழவர்களுடன் பேசி, அவர்களது சங்கம் செயல்படும் முறையைத் தெரிந்துகொண்டார். அதே முறையை நாடெங்கும் பரப்புவதற்காக 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் நிறுவப்பட்டது. குரியன் அதன் தலைவரானார். 1970இல் வெண்மைத் திட்டம் தொடங்கியது. அது 1996 வரை நடைபெற்றது.

திரிபுவன்தாஸ் 1967 முதல் 1974 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், எவரும் வற்புறுத்தாமலேயே ஒன்றியத் தலைமையிலிருந்து விலகினார். ஊர்ச் சங்க உறுப்பினர்கள் தலைக்கு ஒரு ரூபாய் வீதம் சேர்த்து, 6 லட்சம் ரூபாயை அவருக்குக் காணிக்கையாக்கினர். அவர் அப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு, கைரா மாவட்டப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் உடல்நலத்திற்காக அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். மாட்டின் நலத்துக்கு மருத்துவர் வந்த ஊர்களில், தாய் சேய் நலத்துக்கும் வழி பிறந்தது.

1994ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அவர் மறைந்தார். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஆனந்தில் அமைந்துள்ள கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லைப்புறத்தில் அவர் வழி

ஆனந்தில் ஊன்றிய வித்து கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் முளைத்தது. கேரளத்தின் மில்மா 1980இல் உருவானது. தமிழ்நாட்டின் ஆவின் கூட்டுறவு இணையம் 1981இல் அமைந்தது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள ஊர்ச் சங்கங்கள் ஆனந்த் முறையையே பின்பற்றுகின்றன. பாலக்காடு மாவட்டச் சங்கங்கள் மில்மாவின் மலபார் ஒன்றியத்திலும், இடுக்கி மாவட்டச் சங்கங்கள் எறணாகுளம் ஒன்றியத்திலும் இணைந்துள்ளன. கால்நடை வளர்ப்பிலும் இடுக்கிக்குத் தனி இடம் உண்டு. 1963இல் இந்திய-சுவிட்சர்லாந்து உடன்பாட்டின் வழியே மூணாறுக்கு அருகில் மாட்டுப்பட்டியில் தொடங்கிய பண்ணையிலிருந்தே ‘சுனந்தினி’ என்னும் கலப்பினப் பசு தோன்றியது.

இன்று நடைமுறையில் உள்ளது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம். அதன் விதிமுறைகள் 2011இல் செயலுக்கு வந்தன. இச்சட்டம் பொறுப்பைப் பகிர்ந்து வைக்கிறது. தரத்தை வகுப்பதும் கண்காணிப்பதும் நடுவண் ஆணையம், மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர், அவருக்குக் கீழுள்ள அலுவலர் ஆகியோரின் கடமை. பாதுகாப்பான உணவையே விற்பது உற்பத்தி செய்பவர், பொதி கட்டுபவர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோரின் கடமை. பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால், விற்ற பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதும் அவர்கள் கடமையே.

ஆனால், இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு உழவரையும் அவர் வேளாண் பணிகளையும் தன் வரம்பிற்கு வெளியே நிறுத்தியுள்ளது. சிறு உழவரை வழக்கு மன்றத்தில் அலைக்கழிப்பது முறையன்று என்பதால் இவ்விலக்கு நியாயமானதே. எனினும், சட்டத்தின் கை தொழுவத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. தொழுவத்திற்குள்ளேதான் பல கேடுகள் தோன்றுகின்றன. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள்கள் வரை விற்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் மருந்தின் எச்சம் பாலில் கலக்கும். பூஞ்சை பிடித்த தீவனத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சும் பாலில் வந்து சேரும். அந்நச்சைப் பாலைக் காய்ச்சுவதால் போக்க இயலாது.

சோதனைக்கும் எல்லை உண்டு. பால் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சில மணி நேரத்தில் சிதைந்து மறையக்கூடியது. 2023 ஜனவரியில் கொல்லம் மாவட்டம் ஆரியங்காவில் பிடிக்கப்பட்ட ஒரு வண்டிப் பாலில், பால்வளத் துறை அவ்வேதிப்பொருள் இருந்ததாகக் கண்டது. பின்னர்ச் சோதித்த உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வில் அது காணப்படவில்லை. காலதாமதம் பற்றி இரு துறைகளுக்கிடையே வாதம் எழுந்தது. விரைவான சோதனை அரசின் கடமை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. சோதனை ஒன்றையே நம்பியிருக்கலாகாது என்பதையும் உணர்த்தியது.

சட்டம் எட்டாத இடத்தில் ஊர்ச் சங்கத்தின் தராசும் பால்மானியும் நிற்கின்றன. தரத்திற்கேற்ற விலை கிடைக்குமானால், உழவர் தம் பாலைத் தாமே காப்பார். விலை கிடையாத இடத்தில் தூய்மையை மட்டும் கேட்பது அறமாகாது. விலை பெற்ற பின் தூய்மையை மறப்பதும் அறமாகாது. அரசு நடுநிலை தவறாமல் அளக்க, உற்பத்தியாளர் மனச்சான்றுடன் கறக்க, இடையில் உள்ளோர் நேர்மையுடன் கொண்டுசேர்க்க, பால் குழந்தையின் குவளையைத் தூயதாக அடையும். திரிபுவன்தாஸ் படேல் தம் வாழ்நாளில் செய்து காட்டியது இதுவே.

அருஞ்சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கிடையே உள்ள வழி
தொழுவம் – மாடு கட்டும் இடம்
ஆணையர் – ஒரு துறையின் உயர் அலுவலர்
உபரி – தேவைக்கு மேற்பட்டது
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
பால்மானி – பாலின் அடர்த்தியை அளந்து நீர்க்கலப்பை அறிய உதவும் கருவி
எச்சம் – எஞ்சி நிற்பது

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. பம்பாய்ப் பால் திட்டம் எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது?
2. கைரா ஒன்றியம் தொடங்கியபோது நாளொன்றுக்குச் சேர்ந்த பாலின் அளவு யாது?
3. 1963ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்ற மூவர் யாவர்?

ஆ. சுருக்கமாக விடை தருக.

1. கொழுப்புச் சத்துக்கு ஏற்ப விலை தரும் முறை, நீர் கலப்பதை எவ்வாறு தடுத்தது?
2. பம்பாய் அரசின் முதல் திட்டத்தில் இருந்த குறை யாது?
3. எல்லைச் சோதனைச் சாவடியால் மட்டும் பாலின் தூய்மையைக் காக்க இயலாது என்பதற்கு இரு காரணங்கள் கூறுக.

இ. சிந்தித்து எழுதுக.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் உழவருக்கு விலக்கு அளித்திருப்பது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.

ஈ. செயல்பாடு

உம் ஊரில் உள்ள பால் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்று, பால் சோதிக்கும் முறையைக் கண்டறிந்து, வகுப்பில் எடுத்துரைக்க.